மையமும் இடதும்: கூட்டணி போதுமா, ஒன்றாகிவிட வேண்டுமா?

தேர்தல் நெருங்கினால் சென்னையில் ஒரே கேள்வி இரண்டு விதமாக வரும். "இந்தக் கம்யூனிஸ்ட்காரங்க ஆறு சீட்டுக்காக எதுக்கு அறிவாலயத்துல போய் உட்காரணும்? பேசாம சேர்ந்துடலாமே" என்பார் ஒருவர். "கூட்டணி வச்சே தேய்ஞ்சு போனாங்க, தனியா நின்னாத்தான் மரியாதை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மையவாதக் கட்சிகளோடு இடதுசாரிகள் கூட்டணி வைக்க வேண்டும், அதையும் எழுதிய திட்டத்தோடு வைக்க வேண்டும். ஆனால் அவர்களோடு இணைந்துவிடக் கூடாது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தங்களுக்குள் இணைவது வேறு விஷயம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே யார் மையம், யார் இடது?

இடது என்று நான் சொல்வது சி.பி.ஐ.யையும் சி.பி.எம்.மையும். மையம் என்று சொல்வது காங்கிரஸையும் தி.மு.க.வையும். தி.மு.க. நண்பர்களுக்கு இது பிடிக்காது. இடஒதுக்கீட்டிலும் மாநில உரிமையிலும் எங்களை விட இடது யார் என்று கேட்பார்கள். அந்த இரண்டிலும் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் தொழிற்சாலை வாசலில் சங்கம் வைக்கும் உரிமை, தனியார்மயம், வேலை நேரம் என்று வந்தால் அவர்கள் நிற்கும் இடம் மையம். பெயரிலேயே மய்யத்தை வைத்துக்கொண்டு 2018இல் கமல்ஹாசன் தொடங்கிய கட்சியும் 2024இல் தி.மு.க. அணிக்குத்தான் வந்து சேர்ந்தது.

காங்கிரஸும் ஒரு காலத்தில் இடது பக்கம் சாய்ந்து பார்த்த கட்சிதான். 1955 ஜனவரியில் நம் ஆவடியில் நடந்த மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் போட்டார்கள். அதன் விளைவு என்ன என்பதை மூன்றாவது கேள்வியில் பாருங்கள்.

கூட்டணிக்கும் இணைப்புக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்?

கூட்டணி என்பது தொகுதிப் பங்கீடு. தேர்தல் ஆணையத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கட்சியும் தனிக்கட்சி. சின்னம், கணக்கு, சபையில் எப்படி வாக்களிப்பது என்று உத்தரவிடும் கொறடா எல்லாம் தனித்தனி. நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வெளியே வரலாம், பதவி போகாது.

இணைப்பு என்றால் கட்சியின் பதிவும் சின்னமும் போய்விடும். சட்டமன்றத்தில் அது செல்ல வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி அந்தக் கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்ப வேண்டும். 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு பேர் 'பிளவு' என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இருந்தது. 2003இல் அதை எடுத்துவிட்டார்கள். அதாவது உள்ளே போவதற்குக் கதவு இருக்கிறது, கும்பலாக வெளியே வருவதற்கு இல்லை.

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. கூட்டணியில் இருந்தபடியே பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது. 2021இல் ம.தி.மு.க. ஆறு தொகுதிகளிலும் உதயசூரியனில் நின்று 4 இடம் வென்றது. வென்றவர்கள் சட்டப்படி தி.மு.க. உறுப்பினர்கள்; தி.மு.க. கொறடா சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இதைப் பாதி இணைப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன். இடதுசாரிகள் இதுவரை இதற்குச் சம்மதிக்காமல் சொந்தச் சின்னத்திலேயே நிற்பது நல்ல பிடிவாதம்.

தனித்தனியாக நின்றால் என்ன குறைந்துபோகும்?

நம் தேர்தல் முறையில் முதலில் வருபவருக்குத்தான் எல்லாம். இரண்டாவதாக வந்தவரின் வாக்கு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. இதை முதலில் பட்டு அறிந்தவர்கள் பக்கத்து ஆந்திரத்துத் தோழர்கள். 1955 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 31 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்தது 196இல் 15 இடம். எதிரே காங்கிரஸ் மற்ற கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே முன்னணியாக நின்றது. கையில் ஆவடித் தீர்மானமும் இருந்தது.

தேர்தல் முடிந்த பிறகு சேர்ந்தால் போதாதா என்று கேட்டால், அதையும் பார்த்தாயிற்று. 1952இல் அப்போதைய சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375இல் 152தான். கம்யூனிஸ்டுகள் 62. ஆந்திரத் தலைவர் டி.பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று திரண்டு பெரிய அணி நாங்கள்தான் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். அநியாயம்தான். ஆனால் மக்களிடம் ஒரே அணியாகப் போய் ஓட்டு வாங்கியிருந்தால் அந்த அநியாயத்துக்கு இடமே இருந்திருக்காது.

பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் அண்ணா. 1967இல் தி.மு.க. அணியில் வலது ஓரத்து சுதந்திராக் கட்சியும் இருந்தது, சி.பி.எம்.மும் இருந்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 41.10 சதவீதம், தி.மு.க. 40.69 சதவீதம். ஆமாம், தோற்ற கட்சிக்குத்தான் வாக்கு கூடுதல். ஆனால் காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்று சேர்த்த வாக்கு அது, தி.மு.க. 174இல் மட்டும் நின்று, மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்து 137 வென்றது. தமிழ்நாட்டின் பிற்காலத் தேர்தல் கணக்கு எல்லாம் அங்கே பிறந்ததுதான்.

அப்புறம் நம் காலத்துக்கு வருவோம். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. அணி ஒரு பக்கம், காங்கிரஸ் தனியாக, இடதுசாரிகள் தனியாக. அ.தி.மு.க. 39இல் 37ஐ அள்ளிக்கொண்டு போனது. தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் மூவருக்கும் பூஜ்யம். 2016இல் ம.தி.மு.க., வி.சி.க., சி.பி.ஐ., சி.பி.எம். நான்கும் மக்கள் நலக் கூட்டணி என்று கிளம்பின. பிறகு தே.மு.தி.க.வும் த.மா.கா.வும் சேர்ந்தன. அத்தனைக்கும் சேர்த்து ஓரிடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். 1952க்குப் பிறகு கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத முதல் சட்டமன்றம் அதுதான். அ.தி.மு.க. அணிக்கும் தி.மு.க. அணிக்கும் இடையில் வாக்கு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே கட்சிகள் 2019இல் ஒன்றாக நின்றபோது 39இல் 38. 2024இல் 39க்கு 39.

அப்படிச் சேர்ந்தால் லாபம் தி.மு.க.வுக்குத்தானே?

பெரும்பங்கு அவர்களுக்கு. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். 2019இல் சி.பி.ஐ.க்கு நாடு முழுவதும் கிடைத்தது 2 எம்.பி.; இரண்டும் தமிழ்நாட்டில், நாகப்பட்டினமும் திருப்பூரும். சி.பி.எம்.முக்கு 3, அதில் இரண்டு மதுரையும் கோவையும். 2024இல் சி.பி.ஐ.க்கு மறுபடி அதே இரண்டு. சி.பி.எம்.மின் நான்கில் மதுரையும் திண்டுக்கல்லும் இங்கிருந்து. ஆக, மக்களவையில் இன்று இந்த இரண்டு கட்சிகளின் எம்.பி. என்று யாராவது உட்கார்ந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டணியால் வந்தவர்கள். 2004இல் சி.பி.எம்.முக்கு மட்டும் 43 பேர் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் மனசு கனக்கும், சரி. ஆனால் அந்த 43 போனது வங்கத்திலும் கேரளத்திலும் தோற்றதால்.

இவ்வளவு நன்மை இருந்தால் ஒரேயடியாக இணைந்துவிட்டால் என்ன?

இணைந்த கட்சிகளின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 1952இல் வட தமிழகத்தில் வன்னியர்களைத் திரட்டி நின்ற இரண்டு கட்சிகள்: ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம். முதலில் நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார், 1954இல் காமராஜர் வந்தபோது படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. தலைவர்களுக்குப் பதவி வந்தது. கட்சி எந்தக் கோரிக்கைக்காக ஆரம்பித்ததோ அது அப்படியே கிடந்தது. முப்பது வருடம் கழித்து அதே மாவட்டங்களில் அதே கோரிக்கைக்காக வேறொரு இயக்கம் சாலைக்கு வர வேண்டியிருந்தது.

மூப்பனாரின் த.மா.கா. 1996இல் 39 சட்டமன்ற இடமும் 20 எம்.பி.யும் வைத்திருந்தது. 2002இல் காங்கிரஸில் திரும்ப இணைந்தது. 2014இல் மறுபடி வெளியே வந்தபோது பழைய பலத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரியும்தானே.

மையமும் இடதும் நிஜமாகவே இணைந்ததற்குப் பெரிய உதாரணம் இத்தாலி. 1976இல் 34 சதவீத வாக்கு வாங்கிய கம்யூனிஸ்ட் கட்சி அது. 1991இல் பெயரை மாற்றிக்கொண்டது, பிறகு இன்னொரு முறை மாற்றியது, 2007இல் கத்தோலிக்க மையவாதிகளோடு சேர்ந்து ஜனநாயகக் கட்சி ஆனது. அடுத்த ஆண்டே தேர்தலில் பெர்லுஸ்கோனியிடம் தோற்றார்கள். இணைய மறுத்த கம்யூனிஸ்டுகளுக்கும் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முதல்முறையாக அந்த நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் யாரும் இல்லை. 2018இல் அந்த இணைந்த கட்சியின் வாக்கு 19 சதவீதத்துக்கும் கீழே. இரண்டு கட்சிகளின் வாக்கைக் கூட்டினால் இணைந்த கட்சியின் வாக்கு வரும் என்று பென்சிலால் போடும் கணக்கு இப்படித்தான் முடிகிறது. ஒரு பக்கத்து ஆட்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இணைப்பை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கூட்டணியில் இருந்துகொண்டே ஆளும் கட்சியை எதிர்க்க முடியுமா? வாயைக் கட்டிவிட மாட்டார்களா?

2023 ஏப்ரல் 21ஆம் தேதி. சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் வருகிறது. விரும்பும் ஆலைகள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா. கொண்டுவந்தது தி.மு.க. அரசு. சி.பி.ஐ., சி.பி.எம்., காங்கிரஸ், வி.சி.க. எல்லாம் எதிர்த்து வெளியே வந்தன. மசோதா குரல் வாக்கில் நிறைவேறிவிட்டது. மூன்றே நாளில், தொழிற்சங்கங்களோடு பேசிய பிறகு, நிறுத்தி வைப்பதாக அரசு சொன்னது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்தே திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

இதில் யாருக்கு எவ்வளவு பெருமை என்று சண்டை போட வேண்டாம். தோழமைக் கட்சிகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்திருந்தால் அது வழக்கமான எதிர்ப்பு என்று கடந்து போயிருப்பார்கள். கட்சிக்குள்ளேயே இருந்திருந்தால் கொறடா உத்தரவு வந்திருக்கும், கைதூக்கிவிட்டு வந்திருப்பார்கள். தனிக் கட்சியாக, ஆனால் அதே அணியில் இருந்ததால்தான் அந்த வெளிநடப்புக்கு எடை இருந்தது. சென்னையில்தான் 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கடற்கரையில் கொண்டாடினார். நூறாவது ஆண்டு மே தினத்துக்குப் பத்து நாள் முன்னால் இப்படி ஒரு மசோதாவை யார் யோசித்தார்களோ தெரியவில்லை.

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடத்தியது சி.பி.எம்.மின் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. போலீஸ் பந்தலைப் பிரித்தது, தோழமைக் கட்சித் தலைவர்கள் அங்கே போய் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதே மாதம் விழுப்புரம் மாநாட்டில் சி.பி.எம்.மின் கே.பாலகிருஷ்ணன், தமிழகத்தில் அறிவிக்கப்படாத அவசரநிலையா என்று கேட்டதும் தி.மு.க. ஏடான முரசொலி காட்டமாகப் பதில் எழுதியது. கூட்டணி உடையவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

எல்லா நேரமும் இப்படி நடக்கிறதா? இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியது இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் சங்கங்கள் அல்ல. கட்சிகள் கண்டித்தன, ஆதரவு சொன்னார்கள், எல்லாம் உண்மை. ஆனால் மாநகராட்சியின் 200 வார்டுகளில் 2022இல் தி.மு.க. அணியில் நின்று சி.பி.எம். 4, சி.பி.ஐ. 1 வென்றிருந்தன. அந்த ஐந்து பேர் வென்ற கட்டடத்தின் வாசலில்தான் அந்த ஜனம் உட்கார்ந்திருந்தது. பெண்களே அதிகம் இருந்த அந்தக் கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே முன்னால் நின்றிருக்க வேண்டியவர்கள் யார் என்று எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது.

தி.மு.க.விடம் 25 கோடி வாங்கியவர்கள் எப்படி எதிர்ப்பார்கள்?

2019 தேர்தல் செலவுக் கணக்கில் தி.மு.க.வே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த தகவல் அது: சி.பி.ஐ.க்கு 15 கோடி, சி.பி.எம்.முக்கு 10 கோடி. வங்கி வழியாக வந்தது, தேர்தல் செலவுக்கானது, கணக்கில் காட்டப்பட்டது என்று இரண்டு கட்சிகளும் சொல்லின. சட்டப்படி தவறில்லை. ஆனால் உண்டியல் குலுக்கிக் கட்சி நடத்தியவர்கள் என்ற பெயருக்கு அது அடிதான். தொகுதிப் பங்கீட்டோடு செலவுப் பங்கீடும் வருகிறதா என்பதைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டிருந்தால் பாதிப் பேச்சு வந்திருக்காது.

கூட்டணி ஆட்சியில் பங்கு கேட்கலாமா?

கேட்கலாம், என்ன திட்டத்துக்காக என்று எழுதி வாங்கிக்கொண்டு. ஆட்சிக்குத் துணை நின்றால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பது நன்றாகத் தெரிகிற இரண்டு காலங்கள் உண்டு.

2004இல் காங்கிரஸ் கூட்டணி அரசை இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று ஒன்றை எழுதினார்கள், அது நடக்கிறதா என்று பார்க்க ஒருங்கிணைப்புக் குழுவும் வைத்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, நூறு நாள் வேலைச் சட்டம் 2005, வன உரிமைச் சட்டம் 2006. 2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்தத்தில் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். விலகியது சரியா என்று இன்றும் தோழர்களே ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள். ஆனால் இருந்த நான்கு வருடத்தில் கிடைத்ததை யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்று நமக்கு வலிக்கிற கதை: இலங்கை. லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர். 1970இல் அதே கட்சி, சிறிமாவோவின் சுதந்திரக் கட்சியோடும் கம்யூனிஸ்டுகளோடும் ஐக்கிய முன்னணியாக வென்று ஆட்சியில் உட்கார்ந்தது. 1972 குடியரசு அரசியல் சட்டத்தை வரைந்த அமைச்சர் அந்தக் கொல்வின்தான். சிங்களமே ஆட்சிமொழி என்பது அரசியல் சட்டத்திலேயே ஏறியது, பௌத்தத்துக்கு முதலிடம் வந்தது, பழைய சட்டத்தில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு போயிற்று. 1975இல் சமசமாஜக் கட்சியை சிறிமாவோ அரசிலிருந்து வெளியேற்றினார். 1977 தேர்தலில் அந்த இடதுசாரிகளுக்கு ஓரிடம்கூட இல்லை. எந்தக் கோட்டைத் தாண்டினால் வெளியே வருவோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்சியில் போய் உட்கார்ந்தால் இதுதான் ஆபத்து.

1996இல் ஜோதிபாசுவுக்குப் பிரதமர் பதவி வந்தபோது சி.பி.எம். வேண்டாம் என்றது, அவரே பிறகு அதை வரலாற்றுப் பிழை என்றார். சி.பி.ஐ. அந்தக் கூட்டணி அரசில் சேர்ந்தது, அதன் தலைவர் இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார். இங்கே 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான். காங்கிரஸின் 34, சி.பி.எம்.மின் 9, சி.பி.ஐ.யின் 6 எல்லாம் வெளியே நின்று தாங்கின. அப்போது ஒரு செயல்திட்டத்தைக் கேட்டு வாங்காமல் விட்டது பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. ஒற்றைக் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத சட்டமன்றம் அடிக்கடி வாய்க்காது.

கேரளத்தில் காங்கிரஸும் இடதுசாரிகளும் அடித்துக்கொள்கிறார்களே?

ஆமாம். 2024இல் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து நின்றவர் சி.பி.ஐ.யின் ஆனி ராஜா. பாலக்காடு தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஒரே மேடை. கேரளத்தில் முதல் இரண்டு இடமும் இவர்கள் இருவருக்குத்தான் என்பதால் அங்கே சேர்ந்தால் எதிர்க்கட்சி என்ற இடமே வேறு யாருக்கோ போய்விடும். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில் எனக்குக் குழப்பமே இல்லை. தேசிய அளவில் இணைப்பு பேசுகிறவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வங்கத்தில் கூட்டணி வைத்தும் ஒன்றும் நடக்கவில்லையே?

2016இல் அங்கே காங்கிரஸும் சி.பி.எம்.மும் சேர்ந்தன: காங்கிரஸ் 44, சி.பி.எம். 26. 2021இல் மறுபடி சேர்ந்தன, இருவருக்கும் பூஜ்யம். அங்கே இரண்டு கட்சித் தொண்டர்களும் பல தலைமுறையாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். மேலே கைகுலுக்கினால் கீழே ஓட்டு மாறாது. தமிழ்நாட்டில் ஓட்டு மாறுகிறது. 1967லிருந்து பழகிய வாக்காளர்கள், உதயசூரியன் இல்லாத தொகுதியில் அரிவாளைத் தேடிக் குத்துகிறார்கள். கூட்டணி இங்கே பலிப்பதற்குத் தலைவர்களை விட அவர்கள்தான் காரணம்.

கனடா மாதிரி நாடுகளில் என்ன செய்தார்கள்?

வலதுசாரிகள் இணைந்தார்கள். 2003இல் இரண்டு பழமைவாதக் கட்சிகள் ஒன்றாகி 2006இல் ஆட்சிக்கு வந்தன. 2011இல் அவர்களுக்கு 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கு, ஆனால் முழுப் பெரும்பான்மை. மையத்தில் இருக்கும் லிபரல் கட்சியும் இடது பக்கத்துப் புதிய ஜனநாயகக் கட்சியும் இணைய வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்து அடங்கியது. 2022இல் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் புதிய ஜனநாயகக் கட்சி லிபரல் அரசை ஆதரித்தது. பொதுப் பல் மருத்துவத் திட்டம் அதில் வந்ததுதான். 2024இல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். 2025 தேர்தலில் 25லிருந்து 7 இடத்துக்குச் சுருங்கினார்கள். எழுதிய ஒப்பந்தம் சட்டத்தைக் கொடுக்கும்; ஆனால் ஓட்டுகளையும் கொடுக்கும் என்று உத்தரவாதம் இல்லை. என் வாதத்துக்கு இது பாதகமான உதாரணம்தான், மறைக்க விரும்பவில்லை.

உருகுவேயில் வேறு மாதிரி. 1971இலேயே கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் முதல் கம்யூனிஸ்டுகள் வரை 'விரிந்த முன்னணி' என்று ஒன்றை அமைத்தார்கள். உள்ளே ஒவ்வொரு கட்சியும் தனியாகவே இருக்கிறது, வெளியே ஒரே வேட்பாளர். 2004இல் முதல் முறை வென்றார்கள், 2024இலும் வென்றார்கள்.

சரி, சி.பி.ஐ.யும் சி.பி.எம்.மும் இணையலாமா?

1964இல் பிரிந்ததற்கு சீனப் போர், சோவியத் சண்டை என்று பல காரணம் சொல்வார்கள். அடியில் இருந்தது இந்தப் பக்கத்தின் கேள்வியேதான்: மையத்தில் இருக்கும் காங்கிரஸோடு சேரலாமா, கூடாதா? சேரலாம் என்ற பக்கம் சி.பி.ஐ.; கூடாது என்று தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேர் சி.பி.எம். ஆனார்கள். அவர்களில் பி.ராமமூர்த்தியும், 2023 நவம்பரில் 102 வயதில் சென்னையில் மறைந்த என்.சங்கரய்யாவும் உண்டு. அவசரநிலையை சி.பி.ஐ. ஆதரித்தது, சி.பி.எம். எதிர்த்தது. அந்தக் காயம் ஆற நாளானது.

இன்று இருவரும் காங்கிரஸோடு ஒரே அணியில் நிற்கிறார்கள். பிரிந்த காரணம் தீர்ந்துபோய், பிரிவு மட்டும் மிச்சமாக நிற்கிறது. தியாகராய நகரில் சி.பி.ஐ.யின் பாலன் இல்லத்திலிருந்து வைத்தியராமன் தெருவில் இருக்கும் சி.பி.எம்.மின் பி.ராமமூர்த்தி நினைவகத்துக்கு நடந்தே போய்விடலாம்; இரண்டு அலுவலகம், ஜனசக்தி, தீக்கதிர் என்று இரண்டு ஏடு, இரண்டு மாணவர் அமைப்பு, இரண்டு விவசாய சங்கம். 2023இல் சி.பி.ஐ. தேசியக் கட்சி அங்கீகாரத்தை இழந்தது. சி.பி.ஐ.யின் து.ராஜா இணைப்பு வேண்டும் என்று பல வருடமாகச் சொல்கிறார். போராட்டக் களத்தில் ஒற்றுமை முதலில் என்பது சி.பி.எம்.மின் வழக்கமான பதில்.

நான் இணைய வேண்டும் என்ற பக்கம். ஆனால் மேலிருந்து ஆரம்பித்தால் பொதுச்செயலாளர் யார் என்பதிலேயே நின்றுவிடும். தொழிற்சங்கத்தில் ஆரம்பிக்கலாம். சி.பி.ஐ.யின் ஏ.ஐ.டி.யு.சி.யும், அதிலிருந்து 1970இல் பிரிந்த சி.ஐ.டி.யு.வும் எப்படியும் பொது வேலைநிறுத்தங்களில் ஒன்றாகத்தான் இறங்குகின்றன, தி.மு.க.வின் தொ.மு.ச.கூட அந்த மேடையில் உண்டு. ஒரே பஸ் டெப்போவில் செங்கொடிச் சங்கம் இரண்டு எதற்கு என்று கண்டக்டருக்கு இன்று யாராலும் விளக்க முடியாது.

சென்னையில் இடதுசாரிகளுக்கு ஏன் சீட்டே கிடைப்பதில்லை?

பெரம்பூரில் 2006இல் சி.பி.எம். வென்றது, தி.மு.க. அணியில். 2011லும் வென்றது, அ.தி.மு.க. அணியில். பின்னி மில்லும் ரயில்வே பட்டறையும் உருவாக்கிய தொழிலாளர் பகுதி, அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் அங்கே ஒரு அடித்தளம் இருந்தது. மில் மூடிவிட்டது. 2021இல் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்துக் கொடுத்த 12 தொகுதிகளில் சென்னைத் தொகுதி ஒன்றுகூட இல்லை. சென்னையை தி.மு.க. தன் கோட்டை என்று வைத்திருக்கிறது, அங்கே விட்டுக்கொடுக்க மனசு வராது. தொகுதிப் பேச்சில் எண்ணிக்கையை மட்டும் பேசாமல் வடசென்னையில் ஒன்று என்று இடதுசாரிகள் அடித்துப் பேசியிருக்க வேண்டும்.

இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இணைந்தால் சின்னம் எது, பெயர் எது?

சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இதில்தான் மாட்டுவார்கள். சி.பி.ஐ.க்குக் கதிர் அரிவாள் 1952 முதல் தேர்தலிலிருந்து மாறாமல் வரும் சின்னம், சி.பி.எம்.முக்கு அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். இணைப்புக்குப் பிறகு எந்தச் சின்னம், அங்கீகாரம் எந்த மாநிலத்தில் தொடரும் என்று தீர்மானிப்பது தேர்தல் ஆணையம். அதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். நேபாளத்தில் 2018 மே மாதம் கே.பி.சர்மா ஒலியின் கட்சியும் பிரசண்டாவின் மாவோயிஸ்டுகளும் இணைந்து நேபாள கம்யூனிஸ்ட் கட்சி ஆனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான பலம். உள்ளே இரண்டு தலைவர்களுக்கும் பதவிச் சண்டை வந்து கட்சி கிழிந்துகொண்டிருந்த நேரத்தில், 2021 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம், அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே கட்சி பதிவு செய்து வைத்திருந்தார்.